பேனிக் அட்டாக்குக்கு இணையவழிச் சிகிச்சை உண்மையில் பயன் தருமா?

மழைச்சாரல் (கேள்வி):

வணக்கம். கடந்த எட்டு மாதங்களாக எனக்குப் பேனிக் அட்டாக் வந்துகொண்டிருக்கிறது. முதல் முறை பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. காரணம் எதுவும் இல்லாமல் நெஞ்சு படபடக்கத் தொடங்கி, விரல்நுனிகள் மரத்துப்போய், எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதாமல், அந்த நிமிடமே உயிர் போய்விடும் என்று நம்பினேன். அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், தைராய்டும் பார்த்தார்கள். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் இரண்டு முறை அதே இடத்துக்கு ஓடியிருக்கிறேன். இரண்டு முறையும் அதே பதில்தான்.

இப்போது பேருந்தில் ஏறுவதில்லை, கூட்டமுள்ள கடைகளுக்குள் நுழைவதில்லை, துணையில்லாமல் வெளியே போவதே அரிதாகிவிட்டது. மனநல மருத்துவரைப் பார்க்க ஒருமுறை துணிந்து கிளம்பினேன். காத்திருக்கும் அறையிலேயே தாக்குதல் வந்துவிட, என் பெயரைக் கூப்பிடும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

அதனால்தான் காணொளி அழைப்பு மூலம் சிகிச்சை பெறலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் உடம்பையே உலுக்கிப் போடும் ஒரு தொல்லையைத் திரைக்கு அப்பால் இருக்கும் ஒருவரால் எப்படிச் சரிசெய்ய முடியும் என்பது எனக்குப் புரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் வந்தால் அவர் என்ன செய்வார்? அடுத்த அறையில் வீட்டார் இருக்கும்போது மனம்விட்டுப் பேசுவதும் எப்படி என்று தெரியவில்லை. இந்த வழியில் சென்றவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

கரையோரம்:

உங்கள் காத்திருக்கும் அறை அனுபவத்தைப் படித்தபோது என்னையே பார்த்ததுபோல் இருந்தது. நானும் அப்படி எழுந்து வந்தவள்தான். பிறகு இணையவழியில் ஓர் உளவியல் நிபுணரிடம் வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு அமர்வுகள் பெற்றேன். இன்று தனியாகப் பயணம் செய்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். மூன்றாவது அமர்வில் எனக்குத் தாக்குதல் வந்தது. அழைப்பைத் துண்டிக்கக் கை போனபோது, அவர் பதறாமல், "இப்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லுங்கள், அதை நிறுத்த முயல வேண்டாம்" என்றார். நெஞ்சு அடிப்பதையும், கழுத்து இறுகுவதையும், கால் நடுங்குவதையும் வர்ணித்துக்கொண்டே இருந்தேன். சில நிமிடங்களில் அது உச்சிக்குப் போய், பின் தானாகவே இறங்கியது. அதுவரை ஒவ்வொரு முறையும் நான் ஓடியிருந்தேன் அல்லது யாரையாவது கூப்பிட்டிருந்தேன். ஓடாமல் இருந்தாலும் அது இறங்கும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். அந்த ஒரு அமர்வு எனக்குச் செய்ததை அதற்கு முன் யார் சொன்ன ஆறுதலும் செய்யவில்லை.

வீட்டார் விஷயத்தில், நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு, அறைக்கு வெளியே மின்விசிறியை ஓடவிட்டு அமர்வேன். மிகவும் கூச்சமான செய்திகளை அமர்வுக்கு முன்பே எழுதி அனுப்பிவிடுவேன்.

மனநலப் பணியாளர்:

நான் மருத்துவ உளவியல் துறையில் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் "திரைக்கு அப்பால் இருப்பவரால் எப்படி முடியும்" என்ற கேள்வி மிக நியாயமானது என்பதால் அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பேனிக் அட்டாக்கின்போது உடல் செய்வது ஆபத்தான காரியம் அல்ல. ஆபத்து வந்தால் ஓடுவதற்கு உடலைத் தயார்ப்படுத்தும் அட்ரினலின், ஆபத்து இல்லாத நேரத்தில் சுரந்துவிடுகிறது. நாம் வேகமாக மூச்சு விடுகிறோம்; அதனால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது; அந்தக் குறைவே விரல்கள் மரத்துப்போவதற்கும் தலை சுற்றுவதற்கும் காரணம். மூச்சு போதவில்லை என்று தோன்றினாலும் அந்நேரத்தில் உண்மையில் தேவைக்கு அதிகமாகவே சுவாசிக்கிறோம். பலரும் மயங்கி விழுவோம் என்று அஞ்சுகிறார்கள். மயக்கம் பொதுவாக இரத்த அழுத்தம் சட்டென இறங்கும்போது வருவது, இங்கோ அது பெரும்பாலும் ஏறியிருக்கும்.

ஆனால் இந்தப் படபடப்பை மாரடைப்பு என்று மனம் பொருள்கொள்ளும்போது அச்சம் கூடுகிறது, அச்சம் கூடும்போது படபடப்பும் கூடுகிறது. டேவிட் கிளார்க் என்ற உளவியல் அறிஞர் 1986-இல் விளக்கிய இந்தச் சுழற்சிதான் இன்று பேனிக் அட்டாக்குக்குத் தரப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் சிபிடிக்கு, அடிப்படைகளுள் ஒன்று. அச்சுழற்சியை அறுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர் நோயாளிதான். சிகிச்சையாளர் அதை வரிசைப்படுத்தித் தருகிறார். ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடுவது, நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடுவது என்று, நீங்கள் அஞ்சும் அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவை தீங்கு செய்வதில்லை என்பதை உடலுக்கே கற்றுக்கொடுக்கிறோம். இதைக் காணொளியில் தாராளமாகச் செய்யலாம். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. சுவீடனில் பெர் கார்ல்பிரிங் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 49 பேரில் ஒரு பிரிவினருக்கு நேரிலும், மறு பிரிவினருக்கு இணையப் பாடங்களாகவும், சிகிச்சையாளரின் மின்னஞ்சல் துணையோடு, பத்து வாரச் சிகிச்சை அளித்தார்கள். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு முன்னேறினார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. இதில் மனிதர் ஒருவரின் துணை இருந்தது என்பதைக் கவனியுங்கள். யாரும் பின்தொடராத செயலியை மட்டும் நம்பித் தொடங்குபவர்களில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும், தொடக்க நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். உடனடியாக அமைதிப்படுத்தும் பென்சோடயசபைன் வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. இரண்டையும் மனநல மருத்துவர் மேற்பார்வையில்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. முன்பு வந்ததிலிருந்து மாறுபட்ட நெஞ்சுவலி, உழைக்கும்போது வரும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை தோன்றினால் இதுவும் பேனிக்தான் என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் உடனே உதவி தேடுங்கள்.

நெடுவழி:

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் என் முதல் இணையவழிச் சிகிச்சை எனக்குக் கெடுதலே செய்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஐந்து மாதங்கள் வாராவாரம் பேசினோம். அவர் அன்பானவர், நன்றாகக் கேட்பார், ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் மனம் லேசாகும். ஆனால் அந்த ஐந்து மாதங்களில் ஒருமுறைகூட என்னை வீட்டு வாசலைத் தாண்டச் சொல்லவில்லை. சிகிச்சையே வீட்டுக்குள் வந்துவிட்டதால் வெளியே போகாமலிருக்க எனக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. அச்சம் குறையவில்லை, அச்சத்தோடு சௌகரியமாக வாழப் பழகிக்கொண்டேன்.

இரண்டாவது சிகிச்சையாளர் முதல் அமர்விலேயே என் முகவரியையும், அவசரத்தில் அழைக்க ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொண்டார். நான் தவிர்க்கும் இடங்களை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசையாக எழுதச் சொன்னார். நான்காவது வாரம் கைபேசியைக் கையில் பிடித்தபடி தெருமுனை வரை நடந்தேன். காதில் அவர் குரல். அதற்கடுத்த வாரம் அழைப்பில்லாமல் அதே தூரம். பையில் எப்போதும் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியையும் மாத்திரை அட்டையையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொன்ன நாளில் அவர்மீது எனக்குக் கோபமே வந்தது. அவற்றால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்கெழுதி வைத்திருந்ததை அன்று திரும்பி வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

ஆகவே யாரைத் தேர்ந்தெடுத்தாலும், பேனிக் அட்டாக்குக்கு சிபிடி முறையில் பயிற்சி பெற்றவரா, வாரங்களுக்கு இடையே செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தருவாரா, என்னை எப்போது வெளியே அனுப்புவார் என்று முதலிலேயே கேளுங்கள். அவருடைய கல்வித் தகுதியையும் பதிவையும் சரிபார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

மழைச்சாரல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூச்சு போதாமல் அல்ல, அதிகமாகியே விரல்கள் மரத்தன என்ற விளக்கத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறை ஈசிஜி எடுத்தும் தீராத ஓர் ஐயம் அதில்தான் சற்றுத் தளர்ந்தது. நெடுவழி அவர்கள் சொன்ன தண்ணீர்ப் புட்டி என் பையிலும் இருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் மீதம். தாக்குதல் வரும்போது மெதுவாக மூச்சு விடும் பயிற்சியைச் செய்துவருகிறேன். அதையும் விட்டுவிட வேண்டுமா?

மனநலப் பணியாளர்:

உடனே விட வேண்டியதில்லை. மெதுவான மூச்சு வேகமான சுவாசத்தைச் சீராக்கும் என்பது உண்மைதான். ஆனால் "இதைச் செய்யாவிட்டால் எனக்கு ஏதோ ஆகிவிடும்" என்ற எண்ணத்தில் செய்தால் அதுவும் அந்தத் தண்ணீர்ப் புட்டியைப் போன்றதே. முதல் அமர்வில் இந்தக் கேள்வியை அப்படியே உங்கள் சிகிச்சையாளரிடம் வையுங்கள்; அவர் சொல்லும் பதிலிலிருந்து அவருக்கு இந்தச் சிகிச்சை எந்த அளவுக்குக் கைவந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.