அட்டெஸ்டேஷன் ஃபார்ம்ல பழைய போலீஸ் கேஸை எழுதணுமா? அவசரம்

ஜாலஹள்ளி_தம்பி:
வணக்கம், பெங்களூர்ல ஒரு டிஃபென்ஸ் நிறுவனத்துல செலக்ட் ஆயிருக்கேன், போன வாரம் அட்டெஸ்டேஷன் ஃபார்ம் (நம்ம பின்னணிய போலீஸ் மூலமா சரிபாக்க நிரப்பிக் குடுக்குறது) வந்துச்சு. எப்பவாவது கைதானீங்களா, டிடென்ஷன்ல இருந்தீங்களா, கேஸ் பெண்டிங் இருக்கான்னு ஒவ்வொண்ணா கேக்குறாங்க. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டு போராட்டத்தப்போ நான் மதுரைல செகண்ட் இயர், ரோட்டுல உக்காந்தோம்னு புடிச்சுட்டுப் போயி கல்யாண மண்டபத்துல வெச்சு சாயங்காலம் பேர் அட்ரஸ் எழுதி கையெழுத்து வாங்கிட்டு விட்டாங்க, எஃப்ஐஆர்ல என் பேரும் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கேஸ் வாபஸ்னு சொன்னாங்க, கைல பேப்பர் எதுவும் இல்ல. அப்பா "இல்ல"ன்னு போடுடாங்கிறாரு. ரெண்டு நாளா அந்த ஒரு கட்டத்த மட்டும் காலியா வெச்சிருக்கேன்.

அல்சூர்_பையன்:
இல்லன்னே போடுங்க ப்ரோ. வேற ஸ்டேட்டு, அத்தன வருஷம் ஆச்சு, யாரு தோண்டப்போறா.

பட்டவன்:
தம்பி, மேல சொன்னத தயவுசெஞ்சு கேக்காதீங்க. நானும் இப்படித்தான் இல்லன்னு போட்டேன், காலேஜ் ஹாஸ்டல் அடிதடி, ராஜியாகி முடிஞ்ச கேஸ். வேலைல சேந்து எட்டு மாசம், ப்ரொபேஷன்ல இருக்கேன், சொந்த ஊர் ஸ்டேஷன்லேர்ந்து ரிப்போர்ட் வந்து கைல மெமோ குடுத்தாங்க. அடிதடியப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்த கேக்கல, ஏன் மறைச்சேன்னு மட்டும்தான் கேட்டாங்க. வேலை போச்சு, வீட்டுல சொல்லவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஃபார்ம் உச்சியிலயே போட்டிருப்பான் பாருங்க, தப்பா சொன்னாலோ மறைச்சாலோ அதுவே தகுதியிழப்புன்னு.

வக்கீல்_அக்கா_இந்திராநகர்:
தம்பி, 2016ல அவதார் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 3 நீதிபதிகள் பெஞ்ச் இதத்தான் விரிவா பேசுச்சு. சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரி அற்ப விஷயத்த ஒருத்தர் மறைச்சிருந்தாக்கூட நிர்வாகம் நெனச்சா மன்னிக்கலாம்னு அதுல இருக்கு. ஆனா அது அவங்க இஷ்டம், உங்க உரிமை இல்ல, அத நம்பி மறைக்காதீங்க. உண்மையச் சொன்னாலும் உங்க பின்னணிய எடைபோட்டுப் பாக்குற அதிகாரம் அவங்களுக்கு உண்டு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். இருந்தாலும் மறியல் கேஸுக்காக ஒதுக்குறதவிட பொய்க்காக ஒதுக்குறதுதான் ரொம்ப சுலபம். 2021ல தமிழ்நாடு அரசு இந்தப் போராட்ட வழக்குகள, போலீஸத் தாக்கின மாதிரி கேஸ் தவிர, வாபஸ் வாங்குறதா அறிவிச்சுது. அறிவிப்ப நம்பி உக்காராதீங்க, எஃப்ஐஆர் காப்பியும் கோர்ட் ஆர்டரோட சர்ட்டிஃபைடு காப்பியும் வாங்கி தனித்தாள்ல நடந்தத அஞ்சு வரில எழுதி சேத்துக் குடுங்க.

வைட்ஃபீல்ட்_மாமா:
அமெரிக்காவுலயும் இதே கததான். என் மச்சான் சிட்டிசன் ஆனப்புறம் செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு, அதாவது ரகசிய வேலைக்கான அனுமதிக்கு, எஸ்எஃப்-86ங்கிற பின்னணி விவர ஃபார்ம் போட்டாரு. அனுமதி குடுக்கலாமான்னு முடிவு பண்ண அங்க மொத்தம் 13 வழிகாட்டு விதி, குற்றத்துக்கு தனியா ஒண்ணு, பொய்யி மறைப்புக்கு தனியா ஒண்ணு. அவங்க கண்டுபிடிச்சு கேக்குறதுக்கு முன்னாடி நாமளே போயி திருத்திட்டா அத சாதகமா எடுத்துக்குவாங்க.

ஜாலஹள்ளி_தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, பட்டவன் அண்ணா. மண்டபத்துல வெச்சது கைதா டிடென்ஷனா, அதுதான் புரியல.

வக்கீல்_அக்கா_இந்திராநகர்:
எஃப்ஐஆர், ஸ்டேஷன் ரெக்கார்டுல என்ன இருக்கோ அதுப்படி. கைதுபண்ணி அன்னிக்கே விட்டதா இருந்தா ரெண்டு கேள்விக்கும் ஆமான்னு போட்டு "தனித்தாள் பார்க்க"ன்னு எழுதுங்க.

ஜாலஹள்ளி_தம்பி:
சரிக்கா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல மதுரை போறேன். அப்பாவும் கோர்ட்டுக்குக் கூட வர்றேன்னுட்டாரு.