ஃப்ளாண்டர்ஸ் தெருவில் நின்றவர்கள் உண்டா?

மழைக்காலம்:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் வடகிழக்கு ஃப்ளாண்டர்ஸ் தெருமுனை. பலகையில் ‘என்.இ.’ பக்கத்தில் யாரோ கறுப்பு மையால் ஒரு ‘டி’ போட்டிருந்தார்கள். நெட் ஃப்ளாண்டர்ஸ்! ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் ஹோமர் சிம்ப்சனின் பக்கத்து வீட்டுக்காரர். மகள் அண்ணாந்து பார்த்து, “இவர் நிஜமாவே இருந்தாராப்பா?” என்றாள். “இல்லம்மா, வெறும் கார்ட்டூன்” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்தால், ஜார்ஜ் ஃப்ளாண்டர்ஸ் என்ற கப்பல் கேப்டனின் பெயராம்.

தெற்குத்தெரு:
தொடரில் பாதிரியாராக வரும் லவ்ஜாயின் பெயரும் நிஜ ஆளுடையதுதான், போர்ட்லாண்டை நிறுவியவர்களில் ஒருவர். 1845-இல் ஊருக்குப் பெயர் வைக்க அவரும் இன்னொரு நிறுவனர் பெட்டிகுரோவும் சுண்டிய காசை ஒரிகன் வரலாற்றுச் சங்கத்தில் பார்த்தேன். 1835-ஆம் வருடத்துச் செம்புக்காசு. மூன்றில் இரண்டு பெட்டிகுரோவுக்கு விழுந்தது. லவ்ஜாய் ஜெயித்திருந்தால் ஊர்ப்பெயர் பாஸ்டன். கண்ணாடிக்குள் கறுத்துக் கிடந்த அந்தக் காசை விட்டு நகர மனமே வரவில்லை.

ஆனந்தி:
தெருப்பலகை எல்லாம் சரி, வீட்டை விட்டுவிட்டீர்களே. ஹோமர் என்பது தொடரை உருவாக்கிய மேட் கிரேனிங்கின் அப்பா பெயர். மார்கரெட் (தொடரில் ஹோமரின் மனைவி மார்ஜ்) அம்மா, லிசா, மேகி தங்கைகள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் விக்கம், தொடரில் போலீஸ் தலைவரின் பெயர். தாத்தா பாத்திரத்துக்கு மட்டும் பெயர் வைக்க மாட்டேன் என்று மற்ற எழுத்தாளர்களிடம் விட்டார். அவர்கள் வைத்த ஆபிரகாம், அவருடைய நிஜத் தாத்தாவின் பெயராகவே அமைந்துவிட்டது!

என் அப்பா அவருடைய அப்பா பெயரை வாயால் சொல்லவே மாட்டார். டிவியில் ஹோமர் சோபாவில் கிடந்து டோனட் தின்பதைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். “பெத்தவர் பேரையா இதுக்கு வச்சான்?” என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். நிஜ ஹோமரும் கார்ட்டூன் வரைந்தவர், படம் எடுத்தவர், 1996-இல் இறந்தார், கிரேனிங் தன் மகனுக்கும் ஹோமர் என்றே பெயர் வைத்தார் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அவன்தான் பேரன்” என்றார்.

சைக்கிள்காரன்:
மழைக்காலம், மகளை நடைபாலத்துக்குக் கூட்டிப் போங்கள். 405 நெடுஞ்சாலைக்கு மேலே 2021-இல் திறந்தது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். நெட் ஃப்ளாண்டர்ஸ் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். மழையில் ஒருமுறை கடந்தேன், என் கதை அவ்வளவுதான். காரை எடுக்காதீர்கள், ஸ்ட்ரீட்கார் லவ்ஜாய் தெருவிலேயே போகிறது. அங்கே தெருக்கள் ஆங்கில எழுத்து வரிசையில் வரும்: எவரெட், ஃப்ளாண்டர்ஸ், கிளிசன், ஹாய்ட் என்று, தொடரின் மேயர் பெயரான குவிம்பியையும் தாண்டிப் போகும். பிள்ளையைப் படித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மழைக்கோட்டு கட்டாயம். அப்புறம், கூச் (Couch) தெருவை ‘கவுச்’ என்று படித்துவிடப் போகிறாள். அவரும் கேப்டன்தான், ஃப்ளாண்டர்ஸுக்கு மச்சான்.