அரையாண்டு லீவுல தீம் பார்க் சாயங்காலம்: போய் வந்தவங்க குறிப்புகள்

திருப்பூர், கம்பெனி டூர் பொறுப்பு:

கிறிஸ்துமஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் பார்க்குகள்ல சாயங்கால நிகழ்ச்சி போடறாங்க. டிஜே, நுரை டான்ஸ், சாண்டா, கேக், சீரியல் லைட்டு. பகல்ல போய்ட்டு அஞ்சு மணிக்குத் திரும்பற கணக்கு இதுக்கு ஆகாதுங்க. 40, 50 பேரைக் கூட்டிட்டுப் போறவங்களுக்காக இந்தத் திரி. ரோட்டு விவரத்துக்கு மேட்டுப்பாளையம் ஊட்டி ரோட்டுல இருக்கிற பிளாக் தண்டர் பார்க்கை வெச்சுக்கலாம், மத்ததெல்லாம் எந்தப் பார்க்குக்கும் பொருந்தும்.

முதல்ல வண்டி. டிசம்பர்ல வேன் கிடைக்காததுக்குக் காரணம் பார்க் கூட்டம் இல்லீங்க, சபரிமலை. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டதுல இருந்து மண்டல பூஜை வரைக்கும் வண்டியெல்லாம் அங்கதான் ஓடும். டிசம்பர் 26, 27 வாக்குல மண்டல பூஜை முடிஞ்சு நடை சாத்துவாங்க, 30ஆம் தேதி வாக்குல மகரவிளக்குக்குத் திறப்பாங்க. நடுவுல இருக்கிற ரெண்டு மூணு நாள் வண்டிக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார். தேதியை நீங்களே வெக்கலாம்னா 28, 29 பாருங்க. 25ம் 31ம் வண்டிக்கும் விலை, டிக்கெட்டுக்கும் விலை.

பார்க்குக்குப் போன் பண்ணும்போது "தலைக்கு எவ்வளவு"ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிராதீங்க. வரி சேர்த்தா சேர்க்காமயான்னு கேளுங்க. தீம் பார்க் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமா இருந்து 2018 ஜனவரியில 18க்கு இறங்குச்சு. 1000 ரூபாய்ன்னு வாயில சொன்னது பில்லுல 1180 ஆகும், 45 பேருக்கு 8100 ரூபாய் துண்டு விழும். அப்புறம், பகல் டிக்கெட்லயே சாயங்கால நிகழ்ச்சிக்கு நிக்கலாமா, தனி டிக்கெட்டா? தண்ணி விளையாட்டு எத்தனை மணிக்கு நிறுத்தறாங்க? வெளிய வந்தா மறுபடி உள்ள விடுவாங்களா? நுரை டான்ஸ் சேர்ந்ததா, தனிக் காசா? ஆள் குறைஞ்சா முன்பணத்துல கழிப்பாங்களா? இதுக்கெல்லாம் பதிலை வாட்ஸ்அப்புல எழுத்தா வாங்கிக்கோங்க. கவுண்ட்டர்ல அன்னைக்கு நிக்கறவர் வேற ஆளா இருப்பார்.

பாட்டு எத்தனை மணி வரைக்கும்னும் கேளுங்க. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை திறந்தவெளியில ஸ்பீக்கர் கூடாது. திருவிழா, பண்டிகைக்குன்னு வருஷத்துல 15 நாளுக்கு மிகாம 12 மணி வரைக்கும் அரசு தளர்த்தலாம். நீங்க போற நாள் அதுல வராட்டி, போஸ்டர்ல என்ன போட்டிருந்தாலும் 10 மணிக்குப் பாட்டு நின்னுரும்னு வெச்சுத் திட்டம் போடுங்க.

சாயப்பட்டறைக்காரர், வீரபாண்டி:

துணியைப் பத்திச் சொல்லியே ஆகணும். பனியன் ஊர்லயே இருந்துட்டு எல்லாரும் காட்டன் டீசர்ட்டோட தண்ணில இறங்கறாங்க. சாதாரணக் காத்துலயே காட்டன் நூல் எடையில 8.5 சதவீதம் ஈரம் பிடிச்சு வெச்சிருக்கும், பாலியெஸ்டர் 0.4தான். நனைஞ்சா கேக்கவே வேண்டாம். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் கனம்) டீசர்ட் உடம்போட ஒட்டிட்டு, மலைக்காத்து அடிக்கும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிட்டே இருக்கும். டிசம்பர்ல அஞ்சு மணிக்குப் பொடுசுகளுக்கு உதடு நீலமாகறது இதனாலதான். லைக்ரா கலந்த நைலான் துணின்னா உதறினாலே பாதித் தண்ணி போயிரும்.

காட்டன் கூடாதுன்னு பார்க்குக்காரங்க சொல்றதுக்குக் காரணம் வேற. பஞ்சு உதிர்ந்து ஃபில்டர் அடைச்சுக்கும். வாடகைத் துணி எடுக்கச் சொல்றது வியாபாரம் மட்டும் இல்லீங்க.

சாயமும் நிக்காது. குளோரின் தண்ணில, காட்டனுக்குப் போடற ரியாக்டிவ் சாயம் வெளுக்கும், மெரூன், நேவி மாதிரி அடர் கலருதான் முதல்ல காட்டிக்குடுக்கும். கம்பெனி பேர் போட்ட புதுச் சட்டையைத் தண்ணிக்குப் போடாம சாயங்காலத்துக்கு எடுத்து வைங்க, குரூப் போட்டோவும் நல்லா வரும். வெள்ளிக் கொலுசையும் கழட்டிருங்க, குளோரின்ல கறுத்துரும்.

முன்னாள் ரைடு மெயின்டனன்ஸ், பெரியநாயக்கன்பாளையம்:

ரைடு நிக்கறதைப் பத்தி நிறையக் கோபம் பார்க்கறோம், அதுக்காக இது.

தூறல் விழுந்தா வேகமான ரைடை நிறுத்துவாங்க. ரயில் மாதிரி ஓடறதுல பலதும் பிரேக் உரசித்தான் நிக்கணும், நனைஞ்சா பிடிமானம் குறையும். மழை விட்டதும் காலி வண்டியை ரெண்டு மூணு சுத்து ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்துவாங்க. காலியா ஓடுது, நம்மளை ஏத்த மாட்டேங்கறாங்கன்னு சண்டைக்குப் போக வேண்டாம்.

ராட்சச ராட்டினம் அரைச் சுத்து சுத்தி நிக்கறதும் பழுதில்ல. ஒரு பக்கமா ஆள் ஏத்தினா எடை சாஞ்சுரும், அதனால எதிரெதிர் தொட்டியா நிரப்புவாங்க. உங்க 12 பேரைப் பிரிச்சு ஏத்தினா அதுதான் காரணம். இறக்கறதும் அப்படியே. அதனால ஒரு ஏத்தம் இறக்கம் முடிய ரொம்ப நேரம் எடுக்கும், வரிசை சின்னதா இருக்குன்னு ஏமாறாதீங்க. டிசம்பர் கடைசியில சூரியன் ஆறு மணியைத் தாண்டினதும் இறங்கும். அஞ்சே முக்காலுக்கு ராட்டினத்து உச்சியில இருக்கணும்னா அஞ்சேகாலுக்கே வரிசையில நில்லுங்க. இருட்டினா லைட்டு தெரியும், மலை தெரியாது.

உயரக் கம்பு: செருப்பைக் கழட்டித்தான் அளப்பாங்க. வீட்டிலேயே சுவத்துல சாய்ச்சு அளந்து, எந்த ரைடுன்னு குழந்தைக்கு முன்னாடியே சொல்லிருங்க. 2 செ.மீ குறைவுக்கு விட மாட்டாங்க, விடக்கூடாது. மடிமேல வர்ற கம்பி பெரியவங்க இடுப்புக்குத் தக்க இறங்கி நிக்கும். பக்கத்துல சின்ன உருவம் இருந்தா அதுக்குக் கம்பி இறுகாது, பிள்ளை வழுக்கிரும்.

அலைக்குளத்துல ஆழமான பக்கத்துச் சுவத்துக்குப் பின்னாடி காத்து அறை இருக்கும். ஃபேன் காத்தை அடிச்சுத் தண்ணியைத் தள்ளும், அலை அங்கிருந்துதான் கிளம்பும். சைரன் கேட்டதும் ஆழத்துப் பக்கம் ஓடாம, முழங்கால் தண்ணில குழந்தையை முன்னாடி நிறுத்திப் பிடிங்க. டியூப் கூட்டத்துக்கு அடியில மாட்டற குழந்தை மேல இருந்து தெரியாது. நுரை டான்ஸும் அதே கதை. நுரை இடுப்புக்கு மேல ஏறினா நாலடிக்குக் கீழ இருக்கிற பிள்ளை மறைஞ்சுரும், டைல்ஸும் வழுக்கும். தோள்ல தூக்கிட்டு ஆடறதும் வேண்டாம், வழுக்கினா ரெண்டு பேரும் விழுவீங்க. கண்ணுல நுரை பட்டா தேய்க்காம குடிதண்ணில கழுவுங்க, ஒரு பாட்டில் அதுக்குன்னே கையில இருக்கட்டும்.

கோபி, கேள்வி:

குளிக்கிற இடத்துல கூட்டம் தாங்கலீங்களே, அதுக்கு என்ன வழி?

திருப்பூர், கம்பெனி டூர் பொறுப்பு:

கணக்குப் போட்டுப் பாருங்க. 10 ஷவர் இருக்கு, ஆளுக்கு 5 நிமிஷம்னா மணிக்கு 120 பேர். அலைக்குளம் மூடினதும் 300, 400 பேர் ஒண்ணா வருவாங்க. அரை மணி முன்னாடி கிளம்பறதைத் தவிர வேற வழி இல்ல. "இன்னும் ஒரே ஒரு அலை"ங்கற பேச்சுக்கு மசிஞ்சா ஏழு மணி டிஜேக்கு ஈரத்தலையோட நிப்பீங்க. மதியம் ஒண்ணரைக்கு உள்ள, நாலரைக்குத் தண்ணிய விட்டு வெளிய, அஞ்சேகாலுக்குக் காஞ்ச துணியில ராட்டினம், ஏழு மணிக்கு மேடை. லாக்கர்ல ரெண்டு பையா வைங்க. ஈரத்துக்குத் தடிமனான பிளாஸ்டிக் கவர், சாயங்காலத் துணிக்குத் தனிப்பை. ஒரே பையில போட்டா நாலு மணி நேரத்துல ரெண்டும் ஈரம்.

காரமடை அக்கா:

சாப்பாடு. வெளிச் சாப்பாட்டை வாசல்லயே எடுத்து வெச்சுருவாங்க. அதனால மதியத்துக்கு உள்ள போறதுக்கு முன்னாடி வண்டிகிட்டயே சாப்பிட்டுருங்க. ராத்திரிக்கு, மறுபடி உள்ள விடுவாங்கன்னா மட்டும் வெளிய வந்து சாப்பிடலாம், இல்லாட்டி உள்ள வாங்கறதுக்குக் காசை ஒதுக்கிருங்க.

45 பேருக்கு அரிசி 5 கிலோ. புளிசாதத்துக்கு 3, தயிர்சாதத்துக்கு 2. நம்மூரு அரிசியும்பருப்புஞ்சாதம் எடுத்துட்டுப் போகலாம்னு ஆசையாத்தான் இருக்கும், ஆறினா கட்டியாப் போயிரும். அது சூட்டுல நெய் ஊத்திச் சாப்பிடறதுக்கு. தேங்காச் சட்னியை நினைக்கவே வேண்டாம், மூடின வேன்ல மதியத்துக்குள்ள நுரைச்சுரும்.

தயிர்சாதம் ராத்திரி வரைக்கும் புளிக்காம இருக்கணும்னா தயிரைக் குறைச்சுப் பாலைக் கூட்டணும். கிலோ அரிசிக்கு ஒண்ணரை லிட்டர் காய்ச்சின பால். சாதம் சூடா இருக்கையில குழையப் பிசைஞ்சு பாலை ஊத்திருங்க, பார்க்கத் தண்ணியா இருக்கும், பயப்படாதீங்க, சாதம் இழுத்துக்கும். கை பொறுக்கற சூட்டுக்கு வந்த பிறகு ரெண்டு கரண்டித் தயிர். சூட்டுலயே தயிரை ஊத்தினா திரிஞ்சு தண்ணி பிரியும். காலைல எட்டு மணிக்குக் கலந்தா மதியத்துக்கு இனிப்பா இருக்கும், சாயங்காலம் பதமா இருக்கும். உப்பைக் கடைசியில போடுங்க.

குழந்தை தொலையறதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். காலைல பிள்ளையைப் போட்டோ எடுத்து வைக்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. சாயங்காலம் துணி மாத்தினதும் அந்தப் போட்டோ செல்லாது. சிவப்புச் சட்டைன்னு அறிவிப்புக் குடுப்பாங்க, பிள்ளை பச்சைச் சட்டையில நிக்கும். மாத்தினதும் மறுபடி ஒண்ணு எடுங்க. கைப்பட்டை உள்பக்கம் போன் நம்பரை அழியாத மார்க்கர்ல எழுதுங்க, லாக்கர்ல இருக்கிற போன் நம்பரை எழுதாதீங்க!

சூலூர், விழா வேஷம் ஏற்பாடு:

சாண்டாவும் பொம்மை வேஷமும் வந்ததும் எல்லாரும் ஓடறாங்க. வேஷத்துக்குள்ள வெக்கை தாங்காது, 20 நிமிஷம் நின்னா உள்ள போய் ஓய்வு எடுக்கணும். அதனால "அடுத்து எப்ப வருவார்"னு பக்கத்துல நிக்கற துணையாள்கிட்டக் கேளுங்க, வேஷக்காரர் பேச மாட்டார்.

அவருக்குப் பார்வை பொம்மையோட வாய் வழியாவோ, கழுத்து வலை வழியாவோதான். இடுப்புக்குக் கீழ இருக்கிறது தெரியாது. பின்னாடி இருந்து காலைக் கட்டற குழந்தை மேல அவர் இடறி விழுவார். நேர் முன்னாடி பத்தடி தள்ளி நின்னு கை காட்டுங்க, அவர் குனிஞ்சு வருவார். மூணு வயசுக்குக் கீழ பெரும்பாலும் அழும். "ஒண்ணும் பண்ணாது கண்ணு"ன்னு கையில திணிச்சா அழுகை கூடும். தூரத்துல இருந்தே டாட்டா காட்டச் சொன்னா போதும், தோணினா ரெண்டாம் சுத்துல அதுவே போகும். ஈரத்துணியோட கட்டிப்பிடிக்க விடாதீங்க, ரோமத்துணி காய நாளாகும்.

வேன் ஓட்டுநர், அவிநாசி:

மேட்டுப்பாளையத்துல சாயங்காலம் ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் ஊட்டியில இருந்து இறங்கற வண்டி பூராம் ஊருக்குள்ள நெருக்கும். ஏழு மணிக்குக் கிளம்பறதை விட ஒன்பதரைக்குக் கிளம்பறது வீட்டுக்குச் சீக்கிரம் சேர்க்கும். நிகழ்ச்சி முழுசா முடிஞ்சு வந்தா பார்க்கிங்ல முட்டும், கடைசி அரை மணியை விட்டுட்டு வாங்க.

திருப்பூர், அவிநாசிக்காரங்க கோயமுத்தூர் போகவே வேண்டாம், அன்னூர் வழியா வாங்க. ஈரோடு, கோபிக்குப் புளியம்பட்டி, சத்தி வழி இருக்கு, ஆனா அதுல சிறுமுகைப் பக்கம் காட்டோரம். கல்லாறு யானை கடக்கிற இடம், பார்க்கைத் தாண்டி அந்தப் பக்கம் ராத்திரில வண்டிய ஓரம் கட்டிப் போட்டோ எடுக்கறது, ஹாரன் அடிக்கறது ரெண்டும் வேண்டாம். ஊட்டி இ-பாஸ் நீலகிரி மாவட்டத்துக்குள்ள போறவங்களுக்குத்தான், பார்க்கோட திரும்பறவங்களுக்கு இல்ல.

கோபி:

டிரைவருக்கும் டிக்கெட் எடுக்கணுங்களாண்ணா?

வேன் ஓட்டுநர், அவிநாசி:

வேண்டாங்க. பேட்டாவும் சாப்பாடும் குடுத்து ரெண்டு மணில இருந்து ஆறு வரைக்கும் தூங்க விடுங்க. வண்டி சாவியை வாங்கி அரை மணிக்கு ஒருக்கா பையை எடுக்க வந்து எழுப்பாதீங்க, ராத்திரி ஓட்டறவருக்கு அந்தத் தூக்கம்தான் வேணும். ஈரத்துணிக் கவரை டிக்கியில போடுங்க, சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சு மறந்துட்டுப் போனா மூணாம் நாள் சபரிமலைப் பார்ட்டி ஏறும்போதுதான் வாசம் தெரியும்.