சுசேதன் பட்டாச்சார்யா: இதை ஊரறியச் சொல்லத்தான் வேண்டுமா? (ஜூன் 2023)

கேள்வி:
மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் பிள்ளை, தான் திருநம்பி (பிறக்கும்போது பெண் என்று சொல்லப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்றும் இனி சுசேதன் என்றே அழைக்க வேண்டும் என்றும் அறிவித்திருக்கிறார். வயது 41. அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறாராம், சான்றிதழ்களுக்காகச் சட்ட ஆலோசனையும் கேட்கிறாராம். அவர் முடிவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அப்பா உடம்பு முடியாமல் இருக்கிறார், அரசியல் குடும்பம் வேறு, எதிர்க்கட்சிக்காரன் வாயில் விழ வேண்டிவரும். சத்தமில்லாமல் செய்திருக்கலாமே?

பதில் 1:
சத்தமில்லாமல் எப்படிங்க முடியும்? 2000 முதல் 2011 வரை முதல்வராக இருந்தவர் வீடு அது. பிள்ளை மருத்துவமனைப் படியேறினாலே மறுநாள் செய்தியாகிவிடும், அதுவும் பழைய பெயரில், யாரோ கசியவிட்ட ரகசியமாக. தானே சொன்னதால் முதல் வார்த்தையாவது அவருடையதாக இருக்கிறது. பெற்றோரை இதில் இழுக்காதீர்கள், குடும்ப அடையாளம் பெரிய விஷயமில்லை, திருநம்பியாக தினம் தினம் படும் தொல்லை நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். அப்படியும் பல தலைப்புகளில் 'முதல்வரின் மகள்' என்றே போட்டிருக்கிறார்கள், கோபமாக வருகிறது.

பதில் 2:
நானும் திருநம்பிதான். எங்க அப்பா அவ்வளவு பெரிய தலைவர் இல்லை, உள்ளூரில் கட்சிப் பொறுப்பில் இருக்கிறார், அதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மற்ற வீடுகளில் அம்மா அப்பாவிடம் சொன்னால் போதும், எங்கள் வீட்டில் காலையில் காபி குடிக்கும்போதே கூடத்தில் பத்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், எல்லாருக்கும் நான் 'பாப்பா'. நான் வீட்டில் சொல்லி, முடியையும் வெட்டிய பிறகு வந்த தேர்தலில், பழைய குடும்பப் படத்தையே எடுத்து ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கும்பிட்டபடி நான். தேர்தல் முடிகிறவரை தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அப்பா கெட்டவர் இல்லை. "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்பார், ஒரு தேர்தல் முடிந்தால் அடுத்தது வந்துவிடும். அந்த வீட்டில் நல்ல நேரம் என்று ஒன்று வரவே வராது, அதனால்தான் சுசேதன் அண்ணா 41 வயதில் வாய்திறந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். இன்னும் பாலின அடையாளச் சான்றிதழ் மட்டும் வாங்கவில்லை, கலெக்டர் ஆபீசில் பாதிப்பேர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள்.

பதில் 3:
தம்பி, அதற்கு நீங்கள் அங்கே போகவே வேண்டாம். திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும் பொதுப்பெயர்) உரிமைகளுக்கான 2019 சட்டத்தின்படி சான்றிதழ் கொடுப்பவர் கலெக்டர்தான், ஆனால் 2020 விதிகள் வந்தபின் திருநருக்கான தேசிய இணையதளத்திலேயே விண்ணப்பித்து அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை உண்டு, அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் சொல்லிவிட்டது. சிக்கல் எங்கே என்றால், முதல் சான்றிதழில் 'திருநர்' என்றுதான் வரும், 'ஆண்' என்று வேண்டுமானால் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனையின் சான்றோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மனதளவில் ஆணாக உணர்பவரும் ஆண்தான் என்று சுசேதனே சொல்கிறார், சட்டம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. நீங்கள் முதல் சான்றிதழை இப்போதே வாங்குங்கள், அதை வைத்தே மற்ற ஆவணங்களில் பெயரை மாற்றலாம். படிவத்தில் எங்காவது தடுக்கினால் இங்கேயே கேளுங்கள், கூட இருந்து நிரப்பித் தருகிறேன்.