கணினி நிறுவனங்களின் சந்தைப் பங்கு: மொத்தச் சந்தையின் வளர்ச்சி என் கணக்கில் 23.6, அறிக்கையில் 9.9. எங்கே தப்பு?

ஈசூன் மாணவி

எல்லாருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணினி நிறுவனங்களில் யார் வளர்ந்தார்கள், யார் தேய்ந்தார்கள் என்று 2019 முதல் 2023 வரைக்கும் கணக்குப் போட்டு ஓர் ஒப்படைப்பு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது. கார்ட்னர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு ஜனவரியிலும் வெளியிடும் அறிக்கைகளிலிருந்து மொத்த எண்ணை எடுத்தேன். 2021 ஜனவரி அறிக்கையில் 2020க்கு 275 மில்லியன் கணினிகள். 2022 ஜனவரி அறிக்கையில் 2021க்கு 339.8 மில்லியன். வகுத்தால் 23.6 விழுக்காடு வளர்ச்சி வருகிறது. அந்த இரண்டாவது அறிக்கையோ 9.9 விழுக்காடு என்கிறது. ஐடிசி என்ற இன்னோர் ஆய்வு நிறுவனத்தின் எண்களையும் இதே மாதிரி போட்டேன்: 2020க்கு 302.6, 2021க்கு 348.8. எனக்கு 15.3 வருகிறது, அவர்கள் 14.8 என்கிறார்கள். இது சின்ன வித்தியாசம், விட்டுவிடலாம். கார்ட்னரில் வருவதை எப்படி விடுவது?

இரண்டாவது. ஐடிசியின் 2023 முதல் காலாண்டு அட்டவணையில் எச்பி அனுப்பிய கணினிகள் 24.2 விழுக்காடு குறைந்திருக்கின்றன. ஆனால் அதே வரியில் அதன் சந்தைப் பங்கு கூடியிருக்கிறது. என் குழுவில் இருக்கும் தோழி அதை அச்சுப்பிழை என்று எடுத்துவிடச் சொல்கிறாள். எனக்கு எடுக்க மனம் வரவில்லை.

செங்காங் 19

எக்செலில் அந்தக் கட்டம் எண்ணாக இருக்கிறதா, எழுத்தாக இருக்கிறதா பாருங்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டினால் சில நேரம் எழுத்தாக உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஒரு முறை அப்படி ஆகியிருக்கிறது.

ஈசூன் மாணவி

பார்த்துவிட்டேன் அண்ணா, எண்தான். கைபேசியிலும் மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். 339.8ஐ 275ஆல் வகுத்தால் 1.2356.

பிடோக் வாசகர்

தங்கச்சி, உங்கள் வகுத்தலில் தப்பே இல்லை. நீங்கள் வகுத்த இரண்டு எண்களும் ஒரே பொருளை எண்ணவில்லை, அதுதான் சிக்கல்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். 339.8ஐ 1.099ஆல் வகுத்துப் பாருங்கள். 309.2 வரும். அதாவது 2022 ஜனவரியில் கார்ட்னர் "போன ஆண்டு" என்று மனத்தில் வைத்திருந்த எண் 309 மில்லியன் சொச்சம். ஓர் ஆண்டுக்கு முன்னால் அதே 2020க்கு அவர்களே சொன்னது 275. நடுவில் 34 மில்லியன் கணினிகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கின்றன.

அவற்றில் பெரும்பகுதி குரோம்புக், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் குரோம் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி. 2021 ஜனவரி அறிக்கையை முழுவதும் படித்தால், குரோம்புக்கை அந்த மொத்தத்தில் சேர்க்கவில்லை என்று எழுதியிருப்பார்கள். 2020இல் குரோம்புக் மட்டும் ஏறக்குறைய 30 மில்லியன் என்று தனியாகவும் சொல்லியிருப்பார்கள். 2021 நடுவில், எதையெல்லாம் கணினி என்று எண்ணுவது என்ற அளவை மாறியது, குரோம்புக் மொத்தத்துக்குள் வந்துவிட்டது. மிச்சம் நாலு மில்லியன் போல, வழக்கமான திருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் வருவது முதல்கட்ட மதிப்பீடுதான். பிறகு நிறுவனங்களின் நிதி அறிக்கைகள், விநியோகஸ்தர்களின் எண்கள் எல்லாம் கைக்கு வந்ததும் பழைய எண்ணைத் திருத்துவார்கள். ஐடிசியில் உங்களுக்கு வந்த 15.3க்கும் 14.8க்கும் உள்ள வித்தியாசம் இந்தத் திருத்தம்தான். அதில் அளவை மாறவில்லை.

அதனால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டின் எண்ணைப் போன ஆண்டு அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். இந்த ஆண்டு அட்டவணையிலேயே பக்கத்துப் பத்தியில் போன ஆண்டும் இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில், ஒரே அளவையில் எண்ணியவை.

இது மொத்தத்தோடு நிற்காது, ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கையும் பாதிக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: குரோம்புக் செய்யாத ஒரு நிறுவனம் 25 மில்லியன் கணினி அனுப்பியது என்று வையுங்கள். 275இல் அது 9.1 விழுக்காடு. 309இல் 8.1. அந்த நிறுவனம் ஒரு கணினிகூடக் குறைவாக விற்கவில்லை, பங்கு மட்டும் ஒரு புள்ளி கரைந்துவிட்டது. ஆப்பிள் குரோம்புக் செய்வதில்லை. லெனோவோ, எச்பி, ஏசர் மூன்றும் செய்கின்றன. உங்கள் அட்டவணையில் 2020க்கும் 2021க்கும் நடுவில் ஆப்பிள் சரிந்த மாதிரி இருந்தால், காரணம் எழுதும் முன் இதைப் பாருங்கள்.

நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி அமைச்சு 2021 முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் எல்லாருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்று கொண்டுவந்ததே, சில பள்ளிகளில் அது குரோம்புக், சிலவற்றில் ஐபேட், சிலவற்றில் விண்டோஸ் மடிக்கணினி. மூன்று பிள்ளைகளும் வகுப்பில் செய்வது ஒரே பாடம். ஆனால் கார்ட்னரின் பழைய அளவையில் அந்த மூன்றில் ஒன்றுதான் கணினி. புதிய அளவையில் இரண்டு. ஐபேட் எப்போதும் வெளியே.

ஈசூன் மாணவி

அண்ணா, 309.2 வந்தது! ரொம்ப நன்றி. என் தம்பி உயர்நிலை மூன்று, அவனுடைய பள்ளியில் குரோம்புக்தான். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் கிடக்கிறது, அதை நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

அப்படியானால் 2019இலிருந்து 2023 வரை ஒரே கோடாகப் போட முடியாதா?

பிடோக் வாசகர்

போடலாம், கார்ட்னரை வைத்துப் போட்டால் 2020க்கும் 2021க்கும் நடுவில் கோட்டை உடைத்துக் காட்ட வேண்டும். ஒவ்வோர் அறிக்கையும் சொல்லும் வளர்ச்சியை மட்டும் எடுத்துச் சங்கிலியாகக் கோப்பது ஒரு வழி. 2019ஐ 100 என்று வைத்தால் கார்ட்னரில் 2020 வளர்ச்சி 4.8, அதன் மேல் 9.9, ஆக 115.2. ஐடிசியில் 13.1, அதன் மேல் 14.8, ஆக 129.8. பாருங்கள், ஒரே உலகம், ஒரே இரண்டு ஆண்டு, 15 புள்ளி இடைவெளி. பள்ளிகளெல்லாம் குரோம்புக் வாங்கிக் குவித்த 2020இல் அவற்றை ஒருவர் எண்ணினார், இன்னொருவர் எண்ணவில்லை.

உங்கள் ஒப்படைப்புக்கு ஐடிசியை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. மேசைக் கணினி, மடிக்கணினி, ஒர்க்ஸ்டேஷன் மூன்றும் உள்ளே, டேப்லெட்டும் சர்வரும் வெளியே. குரோம்புக் மடிக்கணினியோடு சேர்ந்துவிடும். இரண்டு நிறுவனத்தின் எண்களை ஒரே அட்டவணையில் கலக்கவே கலக்காதீர்கள்.

கிளமெண்டி டீச்சர்

எச்பி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோழி சொல்வது போல் அது அச்சுப்பிழை இல்லை. எடுக்காமல் வைத்தது நல்லதாயிற்று, அந்த அட்டவணையில் படிக்க வேண்டிய வரியே அதுதான்.

அந்தக் காலாண்டில் சந்தை மொத்தமும் 29 விழுக்காடு விழுந்தது. 80 மில்லியன் சொச்சத்திலிருந்து 56.9 மில்லியனுக்கு. எச்பி விழுந்தது 24.2. எல்லாரையும்விடக் குறைவாக விழுந்தவர் பங்கில் ஏறத்தான் செய்வார். கணக்காகப் பார்த்தால், எச்பியிடம் மிச்சம் இருந்தது நூற்றுக்கு 75.8, சந்தையில் மிச்சம் இருந்தது 71. 75.8ஐ 71ஆல் வகுங்கள்: 1.068. பழைய பங்கை இதனால் பெருக்கினால் புதிய பங்கு. ஏறக்குறைய 19.8இலிருந்து 21.1.

ஆப்பிளுக்கும் போட்டுப் பாருங்கள். அது 40.5 விழுந்தது. 59.5ஐ 71ஆல் வகுத்தால் 0.838. 8.6 ஆக இருந்த பங்கு 7.2 ஆனது. இங்கேதான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். 8.6இலிருந்து 7.2க்கு வந்தால் எவ்வளவு குறைந்தது? 1.4 விழுக்காட்டுப் புள்ளி என்பதும் சரி, 16 விழுக்காடு என்பதும் சரி. ஆனால் "பங்கு 1.4 விழுக்காடு குறைந்தது" என்று எழுதினால் தப்பு. "புள்ளி" என்ற ஒரு சொல்லை விட்டால் பொருளே மாறிவிடும். நான் திருத்தும் தாள்களில் சிவப்பு மை அதிகம் படுவது இந்த இடத்தில்.

அப்புறம் ஒரு மொழி விஷயம். தமிழில் எழுதும்போது பலரும் இந்த எண்களை "ஏற்றுமதி" என்கிறார்கள். ஏற்றுமதி என்றால் நாட்டை விட்டு வெளியே போவது. இது தயாரிப்பாளர் தன் கையிலிருந்து விநியோகத்துக்கு அனுப்பியது, அவ்வளவுதான். "அனுப்பப்பட்ட கணினிகள்" என்று எழுதுங்கள்.

காக்கி புக்கிட் கிடங்கு

டீச்சர் சொன்ன அந்த "அனுப்பப்பட்ட" என்ற சொல்லுக்குள் ஒரு கதை இருக்கிறது. நான் பதினோரு ஆண்டு ஒரு விநியோக நிறுவனத்தின் கிடங்கில் இருந்தேன். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எங்களுக்கு இரவு எட்டு மணிக்கு முன் வீடு கிடையாது. லாரி மேல் லாரியாக வரும். பேலட் பேலட்டாக மடிக்கணினிப் பெட்டி, பிளாஸ்டிக் சுற்றியது சுற்றியபடி. வைக்க இடம் இல்லாமல் நடைபாதையில் அடுக்கி, மஞ்சள் கோட்டைத் தாண்டியதற்காகப் பாதுகாப்பு அதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

31ஆம் தேதி ராத்திரி நாங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் தயாரிப்பாளர் கணக்கில் அது போன கணினி. ஆனால் எங்களிடம் அது மூன்று மாதம் தூசி தின்னும். சன்டெக்கில் கணினிக் கண்காட்சி வரும் வரை அசையாத பேலட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த காலாண்டில் கடைகள் புதிதாகக் கேட்காது, அப்போது அந்த நிறுவனத்தின் எண் படுத்துவிடும். விற்பனை அப்படியேதான் இருந்திருக்கும்.

2023 முதல் காலாண்டு வீழ்ச்சியும் பாதி இந்தக் கதைதான். கொவிட் காலத்தில் வாங்கிக் குவித்தது 2022இல் கிடங்குகளில் தேங்கி நின்றது. அது தீரும் வரை புதிது யார் வாங்குவார்கள்? அதனால் தங்கச்சி, ஒரு காலாண்டை மட்டும் பார்த்து யாரையும் வென்றார், தோற்றார் என்று எழுதாதீர்கள். நாலு காலாண்டைக் கூட்டிப் பாருங்கள்.

சுவா சூ காங் ராஜா

முதலிடம் யாருக்கு என்று எழுதப் போகிறீர்களா? அப்படியென்றால் 2012 மூன்றாம் காலாண்டைத் தேடிப் படியுங்கள். கார்ட்னர், லெனோவோ 15.7, எச்பி 15.5 என்று லெனோவோவை மேலே வைத்தது. அதே வாரம் ஐடிசி, எச்பி 15.9, லெனோவோ 15.7 என்றது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதற்கும் முன்னால் 2011 கடைசிக் காலாண்டில் கனாலிஸ் என்ற மூன்றாவது ஆய்வு நிறுவனம் ஐபேடையும் கணினியாக எண்ணி ஆப்பிளை முதலிடத்தில் வைத்தது. ஐடிசியிலேயே ஒரு விதி இருக்கிறது: இரண்டு நிறுவனங்களின் பங்குக்கு நடுவில் 0.1 விழுக்காட்டுப் புள்ளியோ அதற்குக் குறைவோ இருந்தால் சமநிலை என்று அறிவித்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆப்பிள் பற்றி இன்னொன்று. 2018 கடைசியிலிருந்து அவர்கள் எத்தனை மேக் விற்றது என்று எண்ணிக்கை சொல்வதில்லை. வருமானம் மட்டும்தான். ஆகவே உங்கள் ஐந்து ஆண்டிலும் ஆப்பிள் எண்ணிக்கை என்பது வெளியாரின் மதிப்பீடு. மற்ற நிறுவனங்களைவிட அதில் ஆட்டம் கூடுதலாக இருக்கும் என்று ஒரு வரி போடுங்கள்.

2019க்கு முன்னால் போனால் நிறுவன இணைப்பையும் பார்க்க வேண்டும். லெனோவோ 2005இல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை வாங்கியது, 2018இல் புஜிட்சுவின் கணினித் தொழிலில் 51 விழுக்காட்டை எடுத்தது. அந்த ஆண்டுகளில் பங்கு கூடியதில் ஒரு பகுதி விற்று வந்தது, ஒரு பகுதி வாங்கி வந்தது. நீங்கள் 2019இல் தொடங்குவதால் தப்பித்தீர்கள்.

ஈசூன் மாணவி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஐடிசியை மட்டும் வைத்து அட்டவணையை முழுக்க மாற்றிப் போட்டேன். இப்போது என் வளர்ச்சி விகிதம் ஒவ்வொன்றும் அறிக்கையோடு ஒத்துப்போகிறது. எச்பி வரியை எடுக்கச் சொன்ன தோழிக்கு டீச்சரின் 75.8, 71 கணக்கைக் காட்டினேன். அவளே இப்போது அந்தப் பகுதியைப் பேசுகிறேன் என்கிறாள்.

கடைசியாக ஒன்று. விரிவுரையாளர் சிங்கப்பூர் நிலவரமும் ஒரு பக்கம் வேண்டும் என்கிறார். இங்கே எந்த நிறுவனக் கணினி எவ்வளவு என்று ஸ்டேட்கவுண்டர் இணையத்தளத்தில் எடுக்கலாமா?

பிடோக் வாசகர்

வேண்டாம். அது இணையப் பக்கங்களைத் திறக்கும் கணினிகளில் எந்த இயங்குதளம் எவ்வளவு என்று எண்ணுவது. எட்டு ஆண்டுக்கு முன் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய கணினியும் அதில் இருக்கும், நேற்று வாங்கியதும் இருக்கும். விண்டோஸ் என்று தெரியும், டெல்லா ஏசரா என்று தெரியாது. சிங்கப்பூருக்கு மட்டுமான நிறுவனப் பங்கு ஐடிசி, கார்ட்னரின் கட்டண அறிக்கைகளில்தான் கிடைக்கும். கல்லூரி நூலகத்துக்குச் சந்தா இருக்கிறதா என்று நூலகரிடம் நேரில் கேளுங்கள், இன்றைக்கே. விக்டோரியா தெருவில் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் பிரிவிலும் கேட்டுப் பார்க்கலாம்.

கிடைக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் நிறுவன எண் போடாமல், சொந்தக் கற்றல் சாதனத் திட்டத்தை எழுதி, குரோம்புக்கை எண்ணினால் என்ன ஆகும், எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுங்கள்.

ஈசூன் மாணவி

சரி அண்ணா, நூலகருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டேன், மத்தியானம் நேரிலும் போகிறேன். அட்டவணைக்கு அடியில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"ஐடிசி எண்கள். அனுப்பப்பட்ட கணினிகள், கடையில் விற்றவை அல்ல. மேசைக் கணினி, மடிக்கணினி, ஒர்க்ஸ்டேஷன் மட்டும். குரோம்புக் உண்டு, டேப்லெட் இல்லை. முந்தைய ஆண்டின் எண், அடுத்த ஆண்டு அறிக்கையில் திருத்தப்பட்டபடி. பங்கு மாற்றம் விழுக்காட்டுப் புள்ளியில். ஆப்பிள் எண்ணிக்கை மதிப்பீடு."

பிடோக் வாசகர்

நன்றாக இருக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் எந்த மாத அறிக்கையிலிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு பத்தி சேருங்கள். நாளைக்கு ஐடிசி மறுபடியும் திருத்தினால், உங்கள் எண் ஏன் வேறாக இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.