பழைய கல்யாண கேசட்டுகளைச் சுருக்க எந்தக் கணினி? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் ஸ்டூடியோவில் 2001 முதல் 2009 வரை எடுத்த மினிடிவி (Mini DV என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. ஒரு மணி நேர கேசட்டைக் கணினியில் இறக்கினால் ஏறக்குறைய 13 ஜிபி. அதைச் சுருக்கி, அந்தக் குடும்பத்தார் கைபேசியிலும் டிவியிலும் பார்க்கும்படி கொடுக்க வேண்டும். என் நான்கு கோர் கணினியில் ஒரு கேசட்டுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. வேகம் வேண்டுமென்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பிராசசர் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. கார்டின் வீடியோ என்கோட் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) வரைபடமோ 6 சதவீதத்தைத் தாண்டவில்லை. வேலை தன்னிடம் வந்து சேருவதற்காகக் கார்டு காத்துக்கிடந்தது. மினிடிவியில் ஒற்றை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டை வரிகள் அடுத்த கணத்திலும் பதிவாகின்றன. நொடிக்கு 50 அரைப்படங்கள். அப்படியே சுருக்கினால், மணமகள் கை அசைக்கும் இடத்திலெல்லாம் வளையல்கள் சீப்புப் பல் போலப் பிளந்து தெரியும். அதைச் சீராக்க நான் பயன்படுத்தும் க்யூடிஜிஎம்சி என்ற நிரல், பிராசசரையே நம்பி ஓடுவது. என் நேரத்தைத் தின்றது அதுதான்.

கார்டு தந்த தரமும் எனக்கு ஒப்பவில்லை. கெட்டிமேளம் கொட்டி அட்சதை பறக்கும் சில நொடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். அதே கோப்பு அளவில், பிராசசரில் ஓடும் எக்ஸ்265 என்ற சுருக்கும் மென்பொருளின் ஸ்லோ (மெதுவான) அமைப்பில் அரிசி மணிகள் தனித்தனியாகத் தெரிந்தன. கார்டில் சுருக்கியதில், மணமக்கள் தலைக்கு மேல் மஞ்சள் புகை படர்ந்தது போல இருந்தது. அந்தக் கூட்டத்தில் கையுயர்த்தி நிற்கும் தாத்தா பாட்டிகளில் பலர் இன்று இல்லை. நேரம் மிச்சமாகிறது என்பதற்காக அவர்கள் முகத்தை மங்கவிட எனக்கு மனமில்லை.

பிறகு ரைசன் 9 5900எக்ஸ் பிராசசர் வாங்கினேன், 12 கோர். இப்போது ஒரு கேசட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஆனாலும் பிராசசர் பாதி நேரம் 60 சதவீதத்திலேயே நிற்கிறது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

அண்ணா, உங்கள் படத்தின் உயரம் 576 வரி. எக்ஸ்265 அதை 64 வரி உயரமுள்ள பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்கிறது. கணக்குப் போட்டால் ஒன்பதே பட்டைகள். கீழ்ப்பட்டை மேல்பட்டையைவிட இரண்டு சதுரக் கட்டமாவது பின்தங்கித்தான் வர முடியும். அடுத்தடுத்த படங்களையும் அது சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்றாலும், இவ்வளவு சிறிய படத்தை வைத்து உங்கள் பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய 24 இழைகளுக்கும் (த்ரெட்) தீனி போட முடியாது. இரண்டு மூன்று கேசட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

எனக்கு நேர்ந்தது வேறு. என் கேமரா எடுப்பது 10 பிட் 4:2:2 எச்இவிசி, அதாவது நிற விவரம் கூடுதலாக உள்ள ஒரு வகை வீடியோ கோப்பு. நான் கேட்டது இன்டெல் ஐ5-12400 பிராசசர். கடைக்காரர் விலை குறைவு என்று 12400எஃப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த எஃப் எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே வீடியோவைப் படிக்கவும் எழுதவும் அதிலிருக்கும் குவிக் சிங் வசதியும் கிடையாது. என்னிடம் இருந்த 30 வரிசை என்விடியா கார்டால் 4:2:2 கோப்பைப் படிக்க (டிகோட் செய்ய) முடியாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. எழுதுவதைப் பற்றியே விசாரித்தேனே தவிர, படிப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. எஃப் இல்லாத 12400 மாற்றிய அன்றே, கோப்பைப் படிப்பதில் இருந்த தேக்கம் நீங்கியது.

கோவையிலிருந்து:

நான் கல்லூரி விரிவுரைகளைச் சுருக்குகிறேன். அசையாத கேமரா, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர். இதற்குக் கார்டின் என்கோடரே தாராளம். சுண்ணாம்புக்கட்டி எழுத்து தெளிவாக இருக்கிறது. பெரிய கார்டைத் தேட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 3060இலும் 3090இலும் இருக்கும் என்கோடர் ஒரே தலைமுறையைச் சேர்ந்தது. வேகமான எஸ்எஸ்டிக்கும் இதற்காகச் செலவழிக்காதீர்கள். அண்ணாவின் கேசட் கோப்பு நொடிக்கு நான்கு எம்பிகூட இல்லை. பத்து மடங்கு வேகத்தில் ஓடினாலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்கும்.

கும்பகோணத்திலிருந்து:

மதுரைத் தம்பிக்கு நன்றி. மூன்று கேசட்டுகளைச் சேர்த்து ஓட்டினேன்; மூன்றும் முடிய மூன்றரை மணி நேரம்தான். ஆனால் சித்திரை வெயிலில் பிராசசர் 90 டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு 65 வாட் வைத்ததும் சூடு தணிந்தது. நேரம் கொஞ்சம்தான் கூடியது. இப்போது இரவு பத்து மணிக்கு மூன்று கேசட்டுகளை ஏற்றிவிட்டுக் கடையைப் பூட்டுகிறேன். காலையில் வந்ததும் முதலில் அட்சதைக் காட்சியைத் திறந்து பார்க்கிறேன்.