மறு: அச்சு வரிசையில் வரும் 'ஜாப்' – வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

அச்சடிக்கச் சொல்லிக் கணினிக்கு நாம் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஜாப்' (job) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் நம் மடற்பட்டியலில் ஓடும் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகள்: பணி, வேலை, காரியம், வினை, ஏவல், உருப்படி, ஒப்படை, அப்புறம் நெல்லை அண்ணாச்சி கொடுத்த சோலி. இவற்றில் ஒன்றையும் யாரும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை. நாம் தமிழாக்குவது அச்சு வரிசையைக் காட்டும் மென்பொருள். அதில் 'ஜாப்' தனியாக எங்கேயும் நிற்காது. ரத்து செய், நிறுத்திவை, வேறு பிரிண்டருக்கு மாற்று, 3 காத்திருக்கின்றன, 1 முடிந்தது என்று ஏதாவது ஒரு வினைச்சொல்லோடுதான் வரும். அந்தச் சேர்க்கையில்தான் சொல்லின் லட்சணம் தெரியும். ஞானசம்பந்தர் வைகையில் ஏட்டை விட்டுப் பார்த்த ஊர்க்காரன் நான். இப்போது ஆற்றில் தண்ணீர் இல்லை, அதனால் வாக்கியத்தில் விட்டுப் பார்த்தேன்.

பணிக்குத்தான் இங்கே ஆதரவு அதிகம். சின்னச் சொல், மரியாதையான சொல். ஆனால் அரசு அலுவலகம் அதை எப்போதோ தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டுவிட்டது. ஜாப்பை அழிக்கும் பொத்தானில் 'பணி நீக்கம்' என்று எழுதிப் பாருங்கள். தற்காலிகமாக நிறுத்தினால் 'பணி இடைநீக்கம்'. இன்னொரு பிரிண்டருக்குத் தள்ளினால் 'பணி மாற்றம்'. முதலில் வந்தது எது என்று வரிசைப்படுத்தினால் 'பணி மூப்பு'. அச்சடித்து முடிந்தால் 'பணி நிறைவு', அதாவது சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ. கேலிக்காக எதையும் நான் வளைக்கவில்லை. அந்தந்தப் பொத்தானுக்கு இயல்பாக வந்து விழும் தமிழே இதுதான். தாலுகா ஆபீஸ் கணினியில் காலை பத்து மணிக்கு "உங்கள் பணி நீக்கப்பட்டது" என்று ஒரு பெட்டி எழும்பினால் அந்த எழுத்தர் என்ன ஆவார்?

அது போக, பணி ஏற்கனவே நிறையச் சுமக்கிறது. டாஸ்க்பார் பணிப்பட்டை ஆகிவிட்டது, ஒர்க்ஃப்ளோ பணிப்பாய்வு, ஒர்க்ஸ்டேஷன் பணிநிலையம். டாஸ்க், ஒர்க், ஜாப் மூன்றும் ஒரே திரையில் வருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் பணி என்று போட்டுவிட்டு, படிப்பவர் தானாகப் பிரித்துக்கொள்வார் என்று விடுவது நியாயமில்லை.

வேலைக்கும் இதே கதிதான். 'வேலையை நிறுத்து' வரை பரவாயில்லை. நிலையைக் காட்டும் இடத்தில் பெயர்ச்சொல் ஆக்கினால் 'வேலைநிறுத்தம்' என்று வந்து நிற்கும். ஹார்வி மில் சங்கு கேட்டு எழுந்த ஊரில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். இன்னொரு சிக்கல், வேலை எண்ணிக்கைக்கு அவ்வளவாக மசியாது. "ரெண்டு வேலை இருக்கு" என்றால் கரண்ட் பில் கட்டணும், ரேஷன் கடைக்குப் போகணும் என்று அர்த்தம். 47, 48 என்று எண் போட்டு வரிசையில் நிற்கிற ஒன்றாக அது மனதில் படியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கம் "காரியம் என்னைக்கு?" என்று கேட்டால் பதினாறாம் நாளைக் கேட்கிறார்கள். ஆகவே "காரியம் முடிந்தது" என்ற செய்தியை அச்சுப்பொறி சொல்ல வேண்டாம். வினை இலக்கணத்திலும் வேதியியலிலும் நிம்மதியாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஏவல் பொருளளவில் மிக நெருக்கம், ஆனால் பில்லி சூனியத்தோடு அதற்குச் சகவாசம் உண்டு. "உங்கள் பெயரில் ஓர் ஏவல் காத்திருக்கிறது" என்று திரையில் வந்தால் ஆள் நேராகப் பாண்டி கோயிலுக்கு வண்டியை விட்டுவிடுவார். அண்ணாச்சி, எனக்கும் சோலி மேல் ஆசைதான். "வேற சோலி இல்லையா", "சோலியப் பாரு" எல்லாம் நம் இரண்டு ஊருக்கும் பொதுச்சொத்து. ஆனால் "சோலி முடிஞ்சது" என்று எங்கள் ஊரில் சொன்னால் போலீஸ் வந்து யார், எங்கே என்று கேட்கும்.

சரி, ஜாப் என்றால் என்ன? இதைச் சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் கேட்ட பேச்சிலிருந்து சொல்கிறேன். வைகாசி முகூர்த்தம் நெருங்கிவிட்டால் வரிசை முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு. நடுவில் ஒரு துட்டிச் செய்தி வரும். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், எடுப்பதற்குள் அடித்து ஒட்டியாக வேண்டும். படத்தைச் செல்போனில் கொண்டுவந்து நீட்டியபடி நான்கு பேர் வாசலில் நிற்பார்கள். கணினியில் இருக்கும் தம்பியிடம் உள்ளேயிருந்து ஒரு குரல்: "பத்திரிகை ஜாப்பை ஹோல்டு பண்ணு, அஞ்சலி ஜாப்பை மேல ஏத்து." கல்யாண வீட்டுக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் தெரியும்.

லினக்ஸில் அச்சைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) என்ற மென்பொருள் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஜாப்புக்கும் 1 முதல் 100 வரை முன்னுரிமை கொடுக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே 50 என்று எடுத்துக்கொள்ளும். அஞ்சலிக்கு 100 போட்டால் அது பத்திரிகைகளைத் தாண்டி முன்னால் போய்விடும். கணினியும் அச்சுப்பொறியும் பேசிக்கொள்ள கப்ஸ் பின்பற்றும் ஐபிபி (IPP) நெறிமுறையில் ஒரு ஜாப்புக்கு ஏழு நிலைகள்: காத்திருக்கிறது, நிறுத்திவைத்திருக்கிறது, நடக்கிறது, நடுவில் நின்றுவிட்டது, ரத்தானது, முறிந்தது, முடிந்தது. ரத்து என்பது யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொன்னது. முறிந்தது என்றால் கோளாறினால் கணினியே கைவிட்டது. நாம் எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த ஏழோடும் அது ஒத்துப்போக வேண்டும்.

அச்சு தவிர மற்ற இடங்களிலும் ஜாப்பின் குணம் இதேதான். ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 காலத்தில், நிரலைத் துளைகளாகப் பதித்த அட்டைகளின் கட்டினைக் கணினி அறையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கட்டின் தொடக்கத்தில் இருக்கும் ஜாப் அட்டை, இது இன்ன ஜாப் என்று சொல்லும். அதன் கீழே ஒவ்வொரு படியாக வரும். முடிவை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் யூனிக்ஸ் ஷெல்லில், ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும்படி மூன்று கட்டளைகளைக் குழாய் போட்டு இணைத்தால் உள்ளே ஓடும் பிராசஸ், அதாவது தனித்தனி ஓட்டம், மூன்று, ஆனால் ஜாப் ஒன்றுதான். கண்ட்ரோல்-இசட் அடித்தால் மூன்றும் சேர்ந்து நிற்கும். குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் (cron) எழுதிவைத்தால் இரவு இரண்டு மணிக்கு ஆள் தூங்கும்போது ஓடும். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒருவர் 'இதைச் செய்' என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார் என்பதுதான். கொடுத்ததற்கு ஓர் எண் உண்டு, ஒரு சொந்தக்காரர் உண்டு. 'செய்வது' என்பதைவிடச் 'செய்யச் சொல்லிக் கொடுத்தது' என்ற பொருள் நமக்கு வேண்டும்.

அந்தப் பொருளுக்கு அருகில் வந்தவை உருப்படியும் ஒப்படையும். உருப்படி துணி தேய்க்கிற வண்டியிலும் குன்னத்தூர் சத்திரத்துக்குக் குடிபோன புது மண்டபத்துத் தையற்காரர்களிடமும் புழங்குகிற சொல். எண்ணலாம், கொடுக்கலாம், வாங்கலாம். ஆனால் மென்பொருள் தமிழில் 'ஐட்டம்' என்பதற்கு அதை எடுத்தாகிவிட்டது. "பட்டியலில் 12 உருப்படிகள்" என்று ஏற்கனவே வருகிற இடத்தில் இன்னொன்றை நுழைக்க முடியாது.

ஒப்படையைச் சொன்னவர் யாழ்ப்பாண நண்பர். அங்கே மாணவர்கள் ஆசிரியரிடம் கொடுக்கும் வேலைக்கு அதுதான் பெயர், அழகாகவும் இருக்கிறது. இங்கேதான் தொல்லை. எங்கள் வருவாய்த்துறையில் நிலமில்லாதவர்களுக்கு அரசு இடம் கொடுப்பது நில ஒப்படை. "ஒப்படை ரத்து" என்று ஒரு காகிதம் வந்தால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பமே கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிடும். பணி நீக்கத்திலிருந்து தப்பித்து இதில் போய் விழ வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை 'பணிப்பு'. பணித்தல் என்றால் ஒன்றைச் செய்யும்படி சொல்லுதல், 'அரசர் பணித்தார்' என்கிறோமே அது. ஒருவர் பணித்தது பணிப்பு. படித்தது படிப்பு, நடித்தது நடிப்பு மாதிரிதான், புது இலக்கணம் ஒன்றும் இல்லை. பணியோடு உறவு இருக்கிறது, ஆனால் பணியின் அரசாணைகள் இதன்மேல் ஒட்டவில்லை. பாருங்கள்:

பணிப்பு 48 நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.
இந்தப் பணிப்பை ரத்து செய்யவா?
பணிப்பை வேறு அச்சுப்பொறிக்கு மாற்று.
3 பணிப்புகள் காத்திருக்கின்றன.
காகிதம் தீர்ந்ததால் பணிப்பு நடுவில் நின்றது.
முடிந்த பணிப்புகளைக் காட்டு.

ஏழு நிலைகளிலும் உட்காருகிறது. அச்சுப் பணிப்பு, இரவுப் பணிப்பு, பணிப்பு வரிசை, பணிப்பு எண் என்று முன்னும் பின்னும் சேர்க்கலாம். டாஸ்க்குக்குப் பணி, ஒர்க்குக்கு வேலை, ஜாப்புக்குப் பணிப்பு என்று மூன்றும் தனித்தனியாக நிற்கும். பன்மை பற்றி ஒரு சின்னக் குறிப்பு: பேச்சில் "மூணு ஜாப்" என்போம், எண்ணுக்குப் பின் அஃறிணைக்குக் 'கள்' தேவைப்படாது. ஆனால் மொழிபெயர்ப்புக் கோப்பில் தமிழுக்கு ஒருமை, பன்மை இரண்டும் கேட்பதால் 'பணிப்புகள்' கொடுத்திருக்கிறேன். 'பணிப்புக்கள்' என்று எழுதச் சொல்பவர்கள் தனி இழை தொடங்கலாம், நான் வரமாட்டேன்.

சிவகாசித் தம்பி ஒருவர், "எல்லாப் பிரஸ்ஸிலும் ஜாப்தான், ஜாப் என்றே விடுங்கள்" என்று எழுதியிருந்தார். பிரஸ் பேச்சை மாற்ற எனக்கு ஆசையே இல்லை. அந்தக் குரல் நாளைக்கும் "ஜாப்பை ஹோல்டு பண்ணு" என்றுதான் சொல்லும், சொல்லட்டும். ஆனால் ஜாப் என்று திரையில் எழுதினால் மட்டும் தப்பிவிடுவோமா? "பையனுக்கு ஜாப் கிடைச்சிருச்சா" என்று கேட்கிற ஊர் இது. அடுத்தவர் சரக்கை வாங்கிக் கூலிக்குச் செய்துகொடுப்பதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர், ஜிஎஸ்டி பில்லிலும் அது உண்டு. "உங்கள் ஜாப் ரத்து" என்பதும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். இரவல் சொல்லும் தன் பழைய பொருள்களைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது, தம்பி.

மதுரையிலிருந்து,
பட்டியல் உறுப்பினர் ஒருவன்

———

மதுரைத் தம்பிக்கு,

சோலியை முடித்துவிட்டீர்கள், நல்லா இருங்க. எனக்கு இரண்டு சந்தேகம். சின்னத் திரையில் 'பணி', 'பணிப்பு' இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கண் வழுக்கிவிடும். அதிலும் நம்ம ஆட்கள் உச்சரிப்பில் ணகரம் னகரம் எல்லாம் ஒன்றுதான். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்கிற பார்வையற்ற அன்பர்களுக்குப் 'பனிப்பு' என்று காதில் விழாதா? இரண்டாவது, கிரானில் தானாக ஓடுவதற்குப் பணிப்பு என்றால், யார் பணித்தது?

நெல்லையிலிருந்து

———

அண்ணாச்சி,

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. கிரானிலும் ஒருவர் முன்னாலேயே எழுதிவைத்ததால்தான் ஓடுகிறது. அவர்தான் பணித்தவர், அந்த ஜாப்பும் அவர் பயனர் பெயரில்தான் ஓடும். முதல் கேள்வி நியாயமானது. 'பணிப்பு' என்று தனியாக வரும் இடங்களில் எண்ணையோ 'அச்சு' என்பதையோ சேர்த்து, "அச்சுப் பணிப்பு 48" என்று போடலாம். அப்படிப் போட்டால் கண்ணும் வழுக்காது, காதுக்கும் பிடி கிடைக்கும். பணியும் பணிப்பும் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் வருவது நம் மென்பொருளில் ஒரே ஓர் இடத்தில்தான். அங்கே டாஸ்க்கைச் 'சிறுபணி' என்று மாற்றிப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாண நண்பர் தனிமடலில், அவர்கள் ஊரில் டைரக்டர்தான் பணிப்பாளர், அதனால் பணிப்பு என்றதும் மேலிடத்து உத்தரவுபோல் தொனிக்கிறது என்று எழுதியிருக்கிறார். அச்சுப்பொறிக்கு நாம்தானே மேலிடம், தொனிக்கட்டும் என்று பதில் போட்டேன். அவருக்கும் சம்மதம்.

கோப்பில் பணிப்பு என்று ஏற்றிவிட்டேன். 'நிறுத்து', 'நிறுத்திவை' இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதைத் தட்டிவிடுவார்கள். இரண்டாவதற்கு 'ஒதுக்கிவை' சரிப்படுமா என்று, அந்த ஏழு நிலைகளையும் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.